பழைய அளவு இனிப் பொருந்தாது

உடல் பருமனுக்கான அறுவைச் சிகிச்சை முடிந்து சில மாதங்களில், எடை நன்கு குறைந்த மகிழ்ச்சியில், சிலர் தயங்கியபடி கேட்பர்: "விருந்தில் சிறிது மது அருந்தலாமா, டாக்டர்?" பெரும்பாலும் துணைவியார் அறையைவிட்டு வெளியேறிய பிறகே இக்கேள்வி எழும். அவர் முன்னிலையிலேயே பேச வேண்டிய செய்தி இது.

பைபாஸ் முறையில் இரைப்பை சிறிதாக்கப்பட்டுச் சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது. அதன்பின் மது இரைப்பையில் தங்குவதில்லை. சில நிமிடங்களிலேயே இரத்தத்தில் உச்ச அளவை எட்டிவிடும். முன்பு இரண்டு கோப்பை தந்த போதையை இப்போது ஒன்றே தரக்கூடும். ஸ்லீவ் சிகிச்சை பெற்றோருக்கும் இதே எச்சரிக்கை தேவை. வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் வகுத்த வரம்பு, 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி. மட்டுமே. சிறுசேரி சிப்காட்டில் பணி முடித்துப் பழைய மாமல்லபுரம் சாலையில் வீடு திரும்புவோர் "ஒன்றுதானே" என்று எண்ணலாகாது.

என்னை அதிகம் கவலையுறச் செய்வது வேறு. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மதுப்பழக்கச் சிக்கல் முதலாண்டில் கூடவில்லை. இரண்டாம் ஆண்டில்தான் கூடியது. மறுபரிசோதனைக்கு வருவதைப் பலர் நிறுத்திவிடும் காலமும் அதுவே.

முதலாண்டில் மதுவை அறவே தவிர்க்கவேண்டும் என்பதே என் கருத்து. அதன்பின் அருந்துவதானால் வெறும் வயிற்றில் வேண்டா, தனிமையிலும் வேண்டா. குடும்பத்தார்க்கு ஒரு சொல்: தள்ளாட்டம், வியர்வை, பேச்சுக் குழறல் ஆகியவை இரத்தச் சர்க்கரை தாழ்ந்ததாலும் தோன்றும். போதை என்றெண்ணி உறங்க விட்டுவிடாமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.