பரணிலிருந்து இறக்குங்கள்



ஒரு காலத்தில் ஆசை ஆசையாய் வாங்கிய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. கேசட்டும் சிடியும் ஓய்ந்ததும் அவை பரணுக்குப் போய்விட்டன. பாட்டெல்லாம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. அதை லேப்டாப்பின் குட்டி ஸ்பீக்கரில் கேட்டுப் பழகிவிட்டோம். அதில் மிருதங்கத்தின் வலந்தலை கேட்கும், தொப்பி கேட்காது. இளையராஜா பாடல்களில் குரலுக்கு அடியில் தன் வழியே நடந்துகொண்டிருக்கும் பேஸ் கிட்டார் இருக்கும் இடமே தெரியாது. அந்தத் தாழ்ந்த ஒலிகளுக்குக் காற்றை நிறையத் தள்ள வேண்டும். பரணில் இருப்பவற்றால் அது முடியும்.

கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்க ஒரு கேபிள் போதும். ஒரு முனையில் ஹெட்ஃபோன் துளைக்கான 3.5 மி.மீ. பின்; மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ பின்கள். சிவப்பு வலது, வெள்ளை இடது. ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் ‘ஆக்ஸ்’ அல்லது ‘சிடி’ என்று எழுதிய இடத்தில் செருகுங்கள். ‘ஃபோனோ’ வேண்டாம். அது இசைத்தட்டு ஊசியின் மிக மெல்லிய சிக்னலுக்கானது. கம்ப்யூட்டரை அங்கே மாட்டினால் ஒலி சிதைந்து அலறும். கம்ப்யூட்டரின் வால்யூமை முழு அளவுக்குச் சற்றுக் கீழே வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஆம்ப்ளிஃபயரின் குமிழில் செய்யுங்கள்.

பலரும் மனம் விட்டுப்போவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். பாட்டுக்கு நடுவே விடாமல் ‘உம்ம்’ என்று ஓர் இரைச்சல் வரும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. இரண்டு கருவிகளும் வெவ்வேறு வழியாக எர்த்தைத் தொடுகின்றன. நடுவிலுள்ள கேபிள் அந்த வட்டத்தை முடித்துவைக்க, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு பாட்டோடு கலந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினாலே பல சமயம் அடங்கிவிடும். இல்லையென்றால், கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சிறு பெட்டி கிடைக்கிறது, கேபிளுக்கு நடுவே மாட்டலாம். எர்த் பின்னை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். இரைச்சலோடு உயிருக்கான பாதுகாப்பும் போய்விடும்.

இன்னும் மேலே போக விரும்புகிறவர்களுக்கு யுஎஸ்பி டேக் இருக்கிறது. எண்களாக இருக்கும் இசையை மின் அலையாக மாற்றும் வேலையை, பிராசசரின் சலசலப்புக்கு வெளியே வைத்துச் செய்யும் கருவி. மாட்டியதும் பின்னணியிலிருந்த மெல்லிய கரகரப்பு பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் காசு செலவழிக்கும் முன் ஸ்பீக்கர்களைச் சுவர் மூலையிலிருந்து ஓரிரு அடி தள்ளி, காது உயரத்துக்குக் கொண்டுவந்து கேளுங்கள். அந்த மாற்றம் இதைவிடப் பெரிது என்பது என் எண்ணம். சிடி வைத்திருப்பவர்கள் அவற்றை எம்பி3 ஆக்காமல் ஃப்ளாக் கோப்பாக ஏற்றுங்கள். நொடிக்கு 44,100 மாதிரிகளாகச் சிடியில் பதிந்திருப்பது ஒன்றுவிடாமல் அப்படியே வரும்.

நெடுநாள் ஓய்ந்திருந்த ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்யுமுன், ரிப்பேர் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

இயர்போன் ஒருவர் காதுக்கு. கூடத்தில் ஸ்பீக்கர் பாடினால் வீடே கேட்கிறது. சமையலறையிலிருந்து ‘அதை இன்னொரு தரம் போடு’ என்று குரல் வருகிறது. அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் முதலில் எந்தப் பாட்டைப் போட்டீர்கள், அதில் புதிதாக என்ன கேட்டது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்