சர்வர் சொல்லும் ஐந்தெழுத்து

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

ஐந்தெழுத்து என்றால் எங்கள் மாகறலில் எல்லோர் நினைவுக்கும் வருபவர் மாகறலீசர்தான். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திற்கும் ஓர் ஐந்தெழுத்து உண்டு! நாம் அனுப்பும் கட்டளை தோற்றால், ஏன் தோற்றது என்பதைச் சர்வர் ஐந்தே எழுத்துக் குறியில் சொல்லிவிடுகிறது. முதல் இரண்டும் பிழையின் இனத்தைக் காட்டும். 23505 என்றால், ஒருமுறையே வரவேண்டிய எண்ணை மறுபடி பதிய முயன்றிருக்கிறோம். 42பி01 என்றால், அந்தப் பெயரில் அட்டவணையே இல்லை.

இத்தனை தெளிவாகச் சர்வர் பேசியும், பிஎஸ்கியூஎல் என்னும் கட்டளைவரி நிரல் அக்குறியைத் தானாக நமக்குக் காட்டுவதில்லை. வாக்கியத்தை மட்டுமே காட்டுகிறது. வாக்கியம் மொழிக்கேற்ப மாறும். குறி மாறாது.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. இருநூறு நெசவாளர்களின் கூலிப் பட்டியலை ஒரு கோப்பாக்கி இந்நிரலிடம் கொடுப்பதாக எண்ணிப் பாருங்கள். நடுவில் ஒரு வரி தோற்றால் அதை விட்டு அடுத்ததற்குத் தாவும்; முடிவில் 0, அதாவது 'எல்லாம் நலம்' என்று ஷெல்லிடம் அறிவிக்கும். கூலி வராதவர் அலுவலக வாசலில் வந்து நிற்கும்போதுதான் உண்மை தெரியும். 'ஆன் எரர் ஸ்டாப்' என்ற மாறியை இயக்கி வைத்தால் மட்டுமே முதல் பிழையில் நின்று 3 என்கிறது. பாவில் ஓர் இழை அறுந்தால், அதைப் பிணைத்த பிறகே என் தந்தையார் நாடாவை மறுபடி வீசுவார். மைஎஸ்கியூஎல் நிரலும் அப்படித்தான்: கோப்பிலிருந்து படிக்கும்போது பிழை கண்டால் நிற்கும், 'ஃபோர்ஸ்' என்று நாம் வற்புறுத்தினால்தான் தொடரும். அதுவே சரியான முறை என்பது என் துணிபு.

எல்லாத் தோல்விக்கும் மருந்து ஒன்றல்ல. 40001 வந்தால் நம் வேலை பிறர் வேலையோடு மோதியிருக்கிறது. முழுப் பரிவர்த்தனையையும் முதலிலிருந்து செய்யலாம். ஆனால் 'கமிட்' அனுப்பியபின் இணைப்பே அறுந்தால்? பதிந்ததா இல்லையா என்பது நமக்குத் தெரியாது. பார்க்காமல் மீண்டும் அனுப்பினால் ஒருவருக்கே இரட்டைக் கூலி போகும்.

நம் செய்முறைப் பதிவேட்டிலோ வெற்றி பெற்ற வெளியீட்டை மட்டும் ஒட்டுகிறோம். வரும் ஆண்டிலாவது ஒவ்வொரு பயிற்சிக்கும் தோற்ற ஒரு கட்டளை, அதன் ஐந்தெழுத்து, நிரல் முடிவில் தந்த எண் ஆகிய மூன்றையும் எழுதச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் தருமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன்.