எங்கள் பழைய கார்: 'ரிக்' கேட்கிறதா?

சிவப்பு விளக்கில் நின்றால் எஞ்சின் நின்றுவிடும். பின்னால் நிற்பவர் ஹோர்ன் அடிப்பார். காலை ஷிப்ற்றுக்கு ஐந்து நிமிடம் பிந்தினாலும் எங்கள் நாலு பேருக்கும் சம்பளவெட்டு. 1993இல் தயாரிப்பு நின்றுபோன வொல்வோ 240 இது. கராஜில் கொம்பியூட்டரை மாற்றச் சொன்னார்கள். இரண்டு கிழமைச் சம்பளம்!

பழுது அங்கே இல்லை. எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வாயில் ஒரு தட்டு உண்டு. அதன் அருகில் இருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டிதான் திறொட்டில் சுவிச். தட்டு மூடியிருக்கிறது என்று கொம்பியூட்டருக்குச் சொல்வது அதுதான். சொல்லாவிட்டால் ஐடில் ஏறி இறங்கும், சிலவேளை எஞ்சினே நிற்கும்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, தட்டைக் கையால் மெல்லத் திறவுங்கள். தொடங்கியவுடனேயே 'ரிக்' என்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால் புதுச் சுவிச் வாங்க ஓடாதீர்கள். முதலில் தட்டைச் சுற்றியுள்ள கரியைத் துடையுங்கள். எங்களுடையது அடிப்பிடித்த சட்டி மாதிரி இருந்தது! பிறகு சுவிச்சின் இரண்டு ஸ்குறூவையும் தளர்த்தி, 'ரிக்' உடனே வரும்படி திருப்பி இறுக்குங்கள். அதற்குப் பிறகும் ஐடில் ஆடினால் றப்பர்க் காற்றுக்குழாயில் வெடிப்புத் தேடுங்கள்.

எங்களுக்குச் செலவு ஒரு ரின் கிளீனர். அடுத்தமுறை பற்றரி பார்ப்போம்.