பாத்திரம் உலர இடம் எங்கே?

இடநெருக்கடி என்றால் அது கொழும்புக்கே உரியது என்று எண்ணிவிடுகிறோம். மரக்கறி வியாபாரத்துக்குப் பேர்போன தம்புள்ளையிலும் கடையின் பின்புற அறையிலேயே குடித்தனம் நடத்துவோர் உளர். அத்தகைய சிறு அடுக்களையில் கழுவிய பாத்திரங்களைப் பரப்பிவிட்டால், காய் நறுக்கவும் இடமிராது. வெயில் காலத்தில் முற்றம் கைகொடுக்கும். ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மழையில் என் செய்வது?

பின்லாந்து நாட்டுப் பெண்மணி ஒருவர் இதற்கு விடை கண்டார். அந்நாட்டின் வேலைத்திறன் சங்கத்தில் பணியாற்றிய மையு கெபார்ட் என்பவர், ஒரு குடும்பப் பெண் தன் வாழ்நாளில் ஏறத்தாழ 30,000 மணி நேரத்தைப் பாத்திரம் கழுவித் துடைப்பதிலேயே கழிக்கிறாள் எனக் கணக்கிட்டார். 1940களில், கழுவும் தொட்டிக்கு நேர்மேலே பலகைத் தட்டுகளுக்குப் பதிலாக நீர் வடியும் இடைவெளியுள்ள தட்டுகள் கொண்ட அலுமாரி ஒன்றை வகுத்தார். சொட்டும் நீர் தொட்டியிலேயே விழும். துடைக்கும் வேலையும், எடுத்து அடுக்கும் வேலையும் மிச்சம்.

இதன் சிக்கனத்தைப் பாருங்கள். 25 சென்ரிமீற்றர் அகலமுள்ள பத்துத் தட்டுகளை வரிசையாகப் பரப்ப இரண்டரை மீற்றர் நீளம் வேண்டும். நான்கு சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு நிமிர்த்தி வைத்தாலோ 40 சென்ரிமீற்றரே போதும். நீர் விரைந்து வடியும். இருபுறமும் காற்றுப் படும். குவளைகளையும் சமதரையில் கவிழ்த்தால் உள்ளே ஈரம் அடைபட்டு நிற்கும். கம்பித்தட்டில் சற்றே சாய்த்துக் கவிழ்க்க வேண்டும்.

விலையுயர்ந்த அலுமாரி நமக்குத் தேவையில்லை. தொட்டிக்கு மேலே சுவரில் இரு தாங்கிகளைத் திருகாணியால் இறுக்கித் துருப்பிடிக்காத கம்பித்தட்டு ஒன்றைப் பொருத்தலாம். வெறும் ஆணி பாரம் தாங்காது. வீட்டில் உயரம் குறைந்தவரின் கைக்கு எட்டுமாறு அமைப்பது முக்கியம். தட்டின் கீழே கொளுக்கிகள் இட்டால் அகப்பைகள் தொங்கும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க இயலாதோர், தொட்டியின் இருபுறமும் கால் ஊன்றி நிற்கும் கம்பித்தட்டை வாங்கலாம்.

உலர் வலயத்துக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. அது வற்றியதும் கண்ணாடிக் குவளைகளில் வெண்படலம் படியும். அவற்றை மட்டும் தூய உலர்ந்த துணியால் துடைத்து வைப்பது நன்று. படிந்த கறை வினாகிரியால் அகலும்.

மேசையில் வைக்கும் தட்டுத்தாங்கியின் அடித்தட்டில் நீர் தேங்குவதைப் பலர் கவனிப்பதில்லை. டெங்கைப் பரப்பும் நுளம்பு முட்டையிடத் தெளிந்த நீர் சிறிதளவு போதும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் புதிய நுளம்புகள் வெளிப்படும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக்கு உள்ளானதை நாம் மறத்தலாகாது. அடித்தட்டு உள்ளவர்கள் அதை நாள்தோறும் கொட்டி, வாரம் ஒருமுறையேனும் தேய்த்துக் கழுவுக. தொட்டிக்கு மேலே தட்டை அமைத்தோருக்கு இக்கவலையே இல்லை.

மாணவச் செல்வங்களே, உண்ட தட்டைக் கழுவிக் கம்பியில் நிறுத்த அரை நிமிடம் போதும். ஆண்பிள்ளைகளும் இதைப் பழகிக்கொண்டால், அன்னையின் 30,000 மணி நேரத்தில் பெரும்பகுதி அவளுக்கே மீளும்.