கண்ணுக்குரிய காவல்

புதுப்பொருள் ஆக்குவோர் பலர், தாம் பட்ட பாடு முழுவதையும் சட்டம் காத்துத் தருமென்று நம்பியிருக்கின்றனர். உருவமைப்புச் சட்டத்தைப் பொறுத்தமட்டில் அந்நம்பிக்கை பாதியளவே உண்மையாகும். கண்ணுக்குப் புலப்படும் தோற்றத்தையே அச்சட்டம் காக்கும். அத்தோற்றத்திற்குக் காரணமான எண்ணத்தைக் காவாது. இவ்வரம்பு நீதியானதே என்பதும், அதனை முன்னரே அறியாதார்க்கு வரும் இழப்புப் பெரிது என்பதும் எமது துணிபு.

இதனை விளக்க இங்கிலாந்து நாட்டு வழக்கொன்று போதும். ராப் லா என்பவர், சிறு குழந்தைகள் மேலேறி அமர்ந்து செல்லத்தக்க சக்கரப் பயணப்பெட்டி ஒன்றை ஆக்கினார். 'ட்ரங்கி' என்னும் அப்பெட்டியின் உருவம் 2003-ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பதிவுக்கு அனுப்பப்பெற்றுப் பதிவாயிற்று. பின்னர் வேறொரு நிறுவனம் அதனைக் கண்டு, அதே எண்ணத்தைக் கைக்கொண்டு, குறைந்த விலையில் 'கிட்டீ கேஸ்' என்னும் பெட்டியை விற்கலாயிற்று. 2013-இல் உயர்நீதிமன்றம் ட்ரங்கியின் பக்கம் தீர்ப்பளித்தது; 2014-இல் மேல்முறையீட்டு மன்றம் அதனை மாற்றியது; 2016-இல் உச்சநீதிமன்றம் அம்மாற்றத்தையே நிலைநிறுத்தியது. பதிவுப் படங்கள் காட்டியது கொம்புடைய விலங்கொன்றின் உருவம். எதிரியின் பெட்டியோ உணர்கொம்புள்ள வண்டாகவும் காதுள்ள புலியாகவும் தோன்றியது. மேலும், அப்படங்கள் கணினியால் நிழற்சாயலுடன் ஆக்கப்பட்டமையின், சக்கரங்களின் நிறவேற்றுமையும் உருவத்தின் பகுதியாகக் கொள்ளப்பட்டது. வெறுங் கோட்டுப்படமாயிருப்பின் காவல் அகன்றிருக்கக்கூடும். எண்ணம் அருமையானதென்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டனர். ஆயினும் சட்டம் காப்பது உருவத்தையேயாதலின் லா அவர்கள் தோற்றார்.

ஒருவர் உழைக்க மற்றொருவர் உண்பதோ என்று சிலர் வினவலாம். வினா நேர்மையானதே. எனினும், ஐரோப்பாவில் உருவப்பதிவு புதுமையை ஆராயாமலே வழங்கப்படுவது; 25 ஆண்டு வரை நீடிக்கத்தக்கது. அத்துணை எளிதிற் கிட்டும் உரிமை, குழந்தை ஏறிச் செல்லும் பெட்டி என்னும் எண்ணத்தையே ஒருவர்க்கு உடைமையாக்குமாயின், பிறர் அதனினும் நல்ல பெட்டி செய்யும் வழி அடைபடும். பொருள் இயங்கும் முறையிற் புதுமை கண்டவர்க்குப் பேடண்ட் சட்டம் தனியே உள்ளது. அங்கே ஆராய்ச்சி கடிது. காலம் 20 ஆண்டு.

நம் நாட்டிற் பதிவுக்கு முன் ஆராய்ச்சி உண்டெனினும், 2000-ஆம் ஆண்டின் டிசைன்ஸ் சட்டமும் இவ்வரம்பையே வகுத்துள்ளது. வடிவம், கோலம், அணி, கோடுகள் அல்லது வண்ணங்களின் சேர்க்கை என்பன கண்ணால் மட்டும் மதிப்பிடப்படும் அளவிற்கே காவல் பெறும். செய்முறைத் தத்துவமும் வெறும் இயந்திர அமைப்பும் அதற்குப் புறம்பு. காவற்காலம் 10 ஆண்டு. மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். விண்ணப்பத்திற்கு முன்னர் உலகில் எவ்விடத்தேனும் பொதுமக்கள் அறிய வெளியான உருவம் புதுமை இழக்கும். அரசாங்கம் அறிவித்த பொருட்காட்சிகளில் வைப்போர், முன்னரே தெரிவித்து 6 மாதத்திற்குள் விண்ணப்பித்தால் விலக்குப் பெறுவர். ஏனைக் காட்சிகளுக்கு அச்சலுகை இல்லை.

இங்கேதான் மாணவர் பலர் இடருறக்கூடும். தாம் ஆக்கிய விளக்கையோ நாற்காலியையோ கல்லூரிக் காட்சியில் வைத்துக் கைதட்டல் பெற்றபின் பதிவை நாடுவோர், பெற வேண்டியதை முன்னமே இழந்தவராவர். ஆகவே, மாணவ நண்பர்காள்! முதலில் விண்ணப்பம், பின்னரே காட்சி என்பதை நெறியாகக் கொள்வீராக. பதிவுப் படத்தில் எதனைத் தீட்டுகின்றீர்களோ அதுவே உங்கள் உரிமையின் எல்லை. ஆதலின் ஒவ்வொரு கோட்டையும் எண்ணி வரைவீராக. இம்மட்டில் விழிப்புடையோர் உழைப்பு வீண்போகாது என்பது எமது நம்பிக்கை.