மொட்டைமாடிக்கு மேலே யார் இடம்?

போன தை மாதம் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். நான் மாடியில் உட்கார்ந்து சேர்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அஸ்தம்பட்டியில் குடியிருப்பவர்களுக்கு அந்த ஒரு சுகம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

திடீரென்று தலைக்கு மேல் வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் ட்ரோன். மண்டபத்து வாசலைப் படம் எடுத்துவிட்டு, அப்படியே எங்கள் வரிசை வீடுகளின் மேல் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு டீச்சரம்மா தலைக்குக் குளித்துவிட்டு முடியை உலர்த்திக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயது. அவசர அவசரமாகப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

நான் கைத்தடியை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கே போனேன். ரிமோட் வைத்திருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினான்.

"இது 249 கிராம்தானுங்க சார். இதுக்கு லைசென்ஸ் எல்லாம் வேண்டாங்க."

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம். ஆனால் சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் இதே வசனத்தை நானே ஒருமுறை சொல்லி, நன்றாக மூக்குடைபட்டு வந்திருக்கிறேன்.

2023 மே மாதம் மகள் வீட்டுக்கு ஜெர்மனி போயிருந்தோம். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சிற்றூர். வீட்டுக்குப் பின்னால் திராட்சைத் தோட்டச் சரிவு. பேரனுக்குப் பதினான்கு வயது. பிறந்தநாளுக்கு வாங்கின சின்ன ட்ரோன் பெட்டிக்குள்ளேயே இருந்தது. "அப்பா இன்னும் பதிவு பண்ணல தாத்தா" என்றான். நான் பத்திரிகையில் படித்த அரைகுறை ஞானத்தில், "250 கிராமுக்குக் கீழேதானே, ஒண்ணும் வேண்டாம், எடு பார்க்கலாம்" என்றேன். இரண்டு நிமிடம்தான் பறந்தது. வேலிக்கு அப்பால் நாற்காலி போட்டுப் படித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எழுந்து வந்தார். சத்தம் போடவில்லை. மகளிடம் ஏதோ கேட்டார். மகள் முகம் சிவந்துவிட்டது. "என்னைக் கேட்டீங்களான்னு கேக்கறாங்கப்பா. எடுத்த படத்தை அவங்க எதிரிலேயே அழிக்கணுமாம்." அழித்தோம். அன்று இரவு மாப்பிள்ளை என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவரோடு உட்கார்ந்து விதிகளை முழுதாகப் படித்தேன். பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பா போகும் நண்பர்கள் பலர் இதைப் படிப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் ஒரே மாதிரி விதிகள் 2020 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ட்ரோன் 250 கிராமுக்குக் குறைவாக இருந்தாலும், அதில் கேமரா இருந்து, அது விளையாட்டுப் பொம்மை என்ற வகையில் சேராவிட்டால், அதை வைத்திருப்பவர் பதிவு செய்தே ஆக வேண்டும். நான் கோட்டை விட்டது இங்கேதான். ஒரு நாட்டில் பதிந்தால் ஒன்றியத்தின் மற்ற நாடுகளிலும் செல்லும். நம்மைப் போல வெளியிலிருந்து போகிறவர்கள் முதலில் எந்த நாட்டில் பறக்க விடுகிறோமோ அங்கே பதிய வேண்டும். கிடைக்கும் எண்ணை ட்ரோனில் ஒட்ட வேண்டும். தரையிலிருந்து 120 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ட்ரோன் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கூட்டத்தின் மேல் பறக்கவே கூடாது. எடை 250 கிராமைத் தாண்டினால் இணையத்தில் பாடம் படித்து, 40 கேள்விகள் கொண்ட தேர்வில் 75 சதவீதம் வாங்க வேண்டும். இந்தியாவில் வாங்கிய சான்றிதழ் அங்கே செல்லாது. ஜெர்மனியில் இவற்றோடு காப்பீடும் கட்டாயம். குடியிருப்பு மனைகளுக்கு மேல் கேமராவோடு பறக்க, பொதுவாக அந்த வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். அந்த மூதாட்டி கேட்டது இதைத்தான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம்மிடம் விதிகளே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2014 அக்டோபரில் ஒரே போடாகத் தடை போட்டார்கள். 2018 டிசம்பரில் கட்டுப்பாடுகளோடு திறந்துவிட்டார்கள். 2021 ஆகஸ்ட் 25 அன்று, படிவங்களையும் கட்டணங்களையும் குறைத்து இப்போதைய ட்ரோன் விதிகள் வந்தன. வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி வரை முன் அனுமதி தேவையில்லை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிதான் பச்சை. சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். நம் காமலாபுரம் விமான நிலையத்தில் 2023 அக்டோபர் முதல் மறுபடியும் விமானங்கள் வந்து போகின்றன என்பதால், ஓமலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இந்த வரைபடத்தைப் பார்க்காமல் ட்ரோனைத் தொடவே கூடாது. விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

அந்தப் பையன் சொன்னதும் தப்பில்லை. 250 கிராம் வரையிலான ட்ரோனை 'நானோ' என்கிறார்கள். அதற்கு விமானிச் சான்றிதழ் வேண்டாம். மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டாம்.

அப்படியானால் குறை எங்கே? நம் விதி எடையைக் கேட்கிறது, உயரத்தைக் கேட்கிறது, விமான நிலையம் எத்தனை தூரம் என்று கேட்கிறது. கீழே முடி உலர்த்திக்கொண்டிருக்கும் டீச்சரம்மாவைக் கேட்டாயா என்று மட்டும் கேட்பதில்லை. மேலே இருந்து விழுந்தால் 249 கிராமுக்கும் இரண்டு கிலோவுக்கும் வித்தியாசம் உண்டு. மேலே இருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. ஐரோப்பியர்கள் எடையோடு கேமராவையும் கணக்கில் சேர்த்தது இதனால்தான்.

நான் முப்பத்து மூன்று வருடம் நில அளவைத் துறையில் இருந்தவன். சங்கிலியும் சர்வே கல்லுமாகச் சேலம், நாமக்கல் காடுகளில் அலைந்தவன். ஒருவருடைய எல்லையை அளக்கப் போகும் முன் பக்கத்து நிலக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 1923ஆம் வருடத்துச் சட்டம் அது. நோட்டீஸ் சேராமல் போய் நின்றால் வரப்பிலேயே நிறுத்தி, "யாரைக் கேட்டு உள்ளே வந்தீங்க?" என்பார்கள். படிக்காத விவசாயிக்கும் அந்தக் கேள்வி கேட்க உரிமை இருந்தது. அரசாங்க முத்திரையோடு போன எனக்கே அந்த நிலை. இன்று ஒரு ட்ரோன் அரை நிமிடத்தில் இருபது வீட்டு மாடியைப் பார்த்துவிட்டுப் போகிறது. நிறுத்திக் கேட்க வரப்பும் இல்லை, ஆளும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ட்ரோனே வேண்டாம் என்று சொல்லும் கிழவன் இல்லை நான். வயலுக்கு மருந்து தெளிக்கிறது. கிராம வீட்டு மனைகளை அளக்க 2020 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய ஸ்வாமித்வா திட்டமே ட்ரோனை நம்பித்தான் நடக்கிறது. நாங்கள் மாதக்கணக்கில் செய்ததை அது நாள்கணக்கில் முடிக்கிறது. கல்யாண சீசனில் அந்தப் பையனுக்கு அதுதான் சோறு. மறுபடியும் 2014 மாதிரித் தடை வந்தால் பாதிக்கப்படுவது அவன்தான். அது நடக்கக் கூடாது என்றால் இப்போதே கொஞ்சம் ஒழுங்கு வேண்டும்.

நான் கேட்பது இரண்டுதான். ஒன்று, குடியிருப்புகளின் மேல் கேமரா ட்ரோன் பறக்க, எத்தனை கிராமாக இருந்தாலும், முன்கூட்டியே தகவல் கொடுக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர வேண்டும். இரண்டாவது, அந்த வரி வரும் வரை நாமே செய்யக்கூடியது. உங்கள் வீட்டில் விசேஷம் என்றால், கேமராக்காரரிடம் ட்ரோன் எங்கே, எத்தனை மணிக்குப் பறக்கும் என்று கேளுங்கள். மண்டபத்து வளாகத்தைத் தாண்டக் கூடாது என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லுங்கள். சுற்றியுள்ள நாலு வீட்டுக்குப் போய், "நாளைக்கு அஞ்சு மணிக்கு அரை மணி நேரம் ட்ரோன் பறக்குமுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பத்திரிகை வைக்க எத்தனையோ வீடு ஏறி இறங்குகிறோம், இதற்கு நாலு வீடு ஏறினால் குறைந்துவிட மாட்டோம்.

அந்தப் பையன் என் எதிரிலேயே எங்கள் தெருப் படங்களை அழித்துவிட்டான். "தெரியாமப் பண்ணிட்டேனுங்க" என்றான். டீச்சரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "பரவாயில்லைங்க" என்றார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இப்போது மாடிக்கு வருவதில்லை. அன்றைக்குத்தான் மண்டபத்தில் விசேஷம் அதிகம்.