எடுத்த நேரம் என்ன?

முப்பத்து நாலு வருஷம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. தபால் வந்ததும் தேதி முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றிய பிறகுதான் மற்ற வேலை. அதற்கும் முன்னால் பள்ளிக்கூடத்தில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார், திக்தே எழுதும்போது தாளின் தலைப்பில் தேதி இல்லையென்றால் திருத்தவே மாட்டார். அந்தப் பழக்கம் போன மாதம் ஆஸ்பத்திரியில் உதவியது.

அண்ணனுக்கு மூச்சுத் திணறல், கூடவே காய்ச்சல். மணிக்கட்டுத் தமனியில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார்கள். சாதாரணமாகச் சிரையில் எடுப்பதைவிட இது அதிகமாக வலிக்கும். அப்போது மணி 10.10. ஊசிக்குழாய் மேசைத் தட்டிலேயே கிடந்தது. முடிவு அச்சான நேரம் 11.35.

ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு கூடுதல் என்று வந்தது. செயற்கைச் சுவாசம் வைக்கலாமா என்று பேச்சு. டாக்டர் கேட்டார்: "இது எத்தனை மணிக்கு எடுத்தது?" யாருக்கும் தெரியவில்லை. சீட்டில் எழுதவும் இல்லை. நான் சொன்னேன். "அப்படியா ஐயா, இதை நம்ப முடியாது" என்று மறுபடி எடுத்து, கையோடு கீழே அனுப்பினார். இரண்டாவது குத்தலில் அண்ணன் கண்ணில் தண்ணீர். வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் முடிவு விளிம்பில் நின்றதால் அது போதுமாயிருந்தது. செயற்கைச் சுவாசம் வேண்டியிருக்கவில்லை.

பிறகு டாக்டர் பொறுமையாக விளக்கினார். உடம்பை விட்டு வெளியே வந்தாலும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. ஆக்சிஜனைச் செலவழித்து, கரியமில வாயுவையும் அமிலத்தையும் உண்டாக்குகின்றன. வெள்ளணுக்கள் அதிகமிருந்தால் இன்னும் வேகம். குழாயில் காற்றுக் குமிழி நின்றால், குறைவாக இருக்கும் ஆக்சிஜன் கூடுதலாகக் காட்டும். அது பொய்யான ஆறுதல்.

"ஐஸில் வைத்தால்?" என்றேன். கண்ணாடிக் குழாய் காலத்தில் அது சரி. இப்போதுள்ள பிளாஸ்டிக் குழாயைக் குளிரில் வைத்தால் வெளிக்காற்றின் ஆக்சிஜன் உள்ளே கசியுமாம். பொட்டாசியம் கணக்கும் கெடுமாம். சாதாரண அறை வெப்பத்தில் வைத்து 30 நிமிஷத்துக்குள் சோதிப்பதே வழி.

என் அபிப்பிராயம் இதுதான். விலை உயர்ந்த இயந்திரம் வாங்குவதோடு கடமை முடிவதில்லை. எடுத்த நேரம் சீட்டில் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பெற்ற நேரம் வேண்டும். இடைவெளி அதிகமென்றால் முடிவு தருமுன் வார்டுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பேனாவுக்கு மேல் செலவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி இறங்கும் பையனைத் திட்டிப் பயனில்லை. அவன் ஒருவன், வார்டுகள் பல. ஒழுங்கு மேலிருந்து வர வேண்டும்.

நம் வயதில் ஆஸ்பத்திரி வாசல் அடிக்கடி மிதிக்கும் இடம். அடுத்த முறை போனால் சண்டை போடாமல் ஒன்று மட்டும் கேளுங்கள்: "நேரம் எழுதியாச்சாம்மா?" எழுதாதிருந்தால் அந்தப் பெண்ணே சிரித்துக்கொண்டு எழுதிவிடும்.